ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிவ்யூ என்று இரண்டு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை. போன பதிவில் "அடுத்து நெட்வொர்க்கிங் பற்றி எழுதுகிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். ஏன் தயக்கம் என்பது பாதிக்கு மேல் படித்தால் புரியும். அதற்கு முன்னால் ஒரு கார் கதை.

நான் பத்தாவது படித்தபோது மாமாவின் காரில் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டி, ராத்திரி பதினொரு மணிக்கு டயர் பஞ்சர். மாமா பதறவே இல்லை. "ஸ்டெப்னி இருக்குல்ல, பத்து நிமிஷ வேலை" என்று டிக்கியைத் திறந்தார். பெட்டிகளை இறக்கி, ஜாக்கி வைத்து, நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, ஜாக்கியை இறக்கினால்... வண்டி அப்படியே ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னியில் காற்று இல்லை! வண்டி வாங்கி நாலு வருஷம். ஓடுகிற நாலு டயருக்கும் மாதாமாதம் காற்று பார்ப்பவர், ஐந்தாவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. விடியும்வரை சாலையோரம் கொசுக்கடி. முகூர்த்தம் முடிந்து பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர் தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே ஆரம்பித்த ஒரு கம்பெனி மாற்றுச் சக்கரம் செய்து உலகம் முழுக்க விற்றது. கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் நம் ஊர் மெக்கானிக் ஷெட்டில் இன்னும் வாழ்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெரிய அலுவலகம், வங்கி, மருத்துவமனை, கல்லூரி என்று எந்த நெட்வொர்க்கை எடுத்துக்கொண்டாலும் நடுவில் இருக்கும் சுவிட்ச்களும் ரூட்டர்களும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். இதற்கு ரிடண்டன்சி என்று பெயர். ஒன்று செத்ததும் மற்றது அந்த வேலையை எடுத்துக்கொள்வதற்கு ஃபெயில்ஓவர் என்று பெயர். புத்தகத்தில் இரண்டும் ஒரே பாடத்தில் வருவதால் நாம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு. ரிடண்டன்சியைக் காசு கொடுத்து வாங்கலாம். ஃபெயில்ஓவர் இருக்கிறதா இல்லையா என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

ஏன் இரண்டு வைக்கிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சுவிட்ச் வருஷத்தில் 1 சதவீத நேரம் வேலை செய்யாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அதில் 87.6 மணி நேரம் நெட்வொர்க் கிடையாது. அதே மாதிரி இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் போவதற்கான வாய்ப்பு 0.01 சதவீதம். அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 53 நிமிஷம்தான். மூன்றரை நாளுக்கு மேல் இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது! வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குப் புல்லரித்தது, ஹி ஹி.

ஆனால் இந்தக் கணக்குக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, முதலாவது சாகிற காரணத்தாலேயே இரண்டாவதும் சாகக்கூடாது. இரண்டு, இரண்டாவது செத்தால் நமக்கு உடனே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது ஆறு மாதம் செத்துக் கிடக்கும், நாம் 53 நிமிஷக் கணக்கை நம்பிக்கொண்டே இருப்போம். மாமாவின் ஸ்டெப்னி மாதிரி.

அடுத்து இரண்டு கேபிள் கதை. இரண்டு சுவிட்ச்களுக்கு நடுவில் ஒரு கேபிள்தான் இருக்கிறது, அறுந்தால் என்ன செய்வது என்று பயந்து இன்னொன்றையும் மாட்டினால் அங்கேதான் வம்பு ஆரம்பம். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்ஜியம் ஆனால் கதை முடிந்தது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. எல்லாருக்கும் போக வேண்டிய ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் இந்த வட்டத்துக்குள் மாட்டினால் அது சாகவே சாகாது, சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று, நூறு, லட்சம் என்று பெருகிச் சில நொடிகளில் நெட்வொர்க்கே மூச்சுத் திணறிவிடும். பாதுகாப்புக்கு மாட்டிய கேபிள்தான் காலை வாரிவிடுகிறது.

இதற்கு விடை கண்டுபிடித்தவர் ரேடியா பெர்ல்மன். 1985-இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தபோது அவர் உருவாக்கியதுதான் ஸ்பானிங் ட்ரீ. சுவிட்ச்கள் தங்களுக்குள் பேசி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, வட்டம் வராதபடி அதிகப்படியான போர்ட்டுகளைத் தாமே மூடி வைத்துக்கொள்ளும். ஓடுகிற பாதை அறுந்தால் மூடியதைத் திறந்துவிடும். 1990-இல் இது 802.1டி என்ற ஐஇஇஇ தரத்தில் சேர்ந்தது. பழைய முறையில் பாதை மாற 30 முதல் 50 நொடி ஆகும். 2001-இல் வந்த வேகமான வடிவம் பெரும்பாலும் ஓரிரு நொடிக்குள் முடித்துவிடும்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூடிய போர்ட் மூடியே இருப்பதற்கு, பக்கத்துச் சுவிட்சிலிருந்து "நான் இருக்கிறேன்" என்ற செய்தி தொடர்ந்து வர வேண்டும். நெரிசலில் அந்தச் செய்தி வராமல் போனால், பாதை செத்துவிட்டது என்று நினைத்து சுவிட்ச் தன் போர்ட்டைத் திறந்துவிடும். உண்மையில் பாதை சாகவில்லை. அப்புறம் என்ன, வட்டம்தான், புயல்தான்.

2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நடந்தது இந்த வகைதான். வருஷக்கணக்கில் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய நெட்வொர்க். வழக்கமான டைமர் அளவுகளோடு ஸ்பானிங் ட்ரீ 7 சுவிட்ச் தூரம் வரைக்கும்தான் என்று ஒரு வரம்பு உண்டு, அதையும் தாண்டி அது நீண்டிருந்தது. ஆராய்ச்சிப் பக்கத்திலிருந்து கிளம்பிய பெரிய தகவல் வெள்ளம் ஒன்று அதைக் குப்புறத் தள்ளிவிட்டது. ஏறக்குறைய நான்கு நாள் நெட்வொர்க் எழுவதும் விழுவதுமாக இருந்தது. கடைசியில் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பியது. மருந்துச் சீட்டு, லேப் ரிசல்ட் எல்லாம் கையில் எழுதி, ஆட்கள் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஐடி தலைவராக இருந்த ஜான் ஹலம்கா இதை மூடி மறைக்காமல், எங்கே தவறினோம் என்று வெளியுலகுக்கு விவரமாகச் சொன்னார். அதனால்தான் இருபது வருஷம் கழித்தும் என்னை மாதிரி ஒரு மாணவன் அதிலிருந்து பாடம் படிக்க முடிகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கேட்வே. உங்கள் கம்ப்யூட்டருக்கு வெளியே போகும் வாசலாக ஒரே ஒரு முகவரிதான் கொடுத்திருப்பார்கள். அந்த வாசலில் இருக்கும் ரூட்டர் செத்தால்? இரண்டு ரூட்டர் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கற்பனை முகவரி கொடுப்பார்கள். ஒரு மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். போர்டில் கடைப்பெயர் ஒன்றுதான். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அண்ணனா தம்பியா என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. சிஸ்கோவின் ஹெச்எஸ்ஆர்பி இப்படித்தான் வேலை செய்யும். 1998-இல் ஆர்எஃப்சி 2281 என்ற எண்ணில் இதை வெளியிட்டார்கள். அண்ணன் 3 நொடிக்கு ஒரு முறை "இருக்கேன்" என்று குரல் கொடுப்பான். 10 நொடி குரல் வரவில்லை என்றால் தம்பி கல்லாவில் ஏறி உட்கார்ந்துவிடுவான். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விஆர்ஆர்பி-யும் அதே 1998-இல் வந்தது. அதில் 1 நொடிக்கு ஒரு குரல், மாறுவதற்கு 4 நொடிக்கும் குறைவு.

அழகான ஏற்பாடு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அண்ணனும் தம்பியும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுக்கொள்வது கடைக்கு உள்ளேதான். தம்பியிடம் குடோன் சாவி இருக்கிறதா என்று அந்தக் குரல் சொல்லாது.

இப்போது என் கதை.

மூன்றாம் வருஷம் எங்கள் கல்லூரி நெட்வொர்க் அறையில் பகுதிநேர உதவியாளாக இருந்தேன். கேபிள் க்ரிம்ப் பண்ணுவது, லேபில் நெட் வரவில்லை என்றால் ஓடிப்போய்ப் பார்ப்பது, இந்த மாதிரி வேலை. அங்கே அட்மினாக இருந்த அண்ணாதான் எனக்கு இதெல்லாம் கற்றுக்கொடுத்தவர். கான்ட்ராக்ட் ஊழியர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அவர் ஒருவர்தான். நடுவில் இரண்டு கோர் சுவிட்ச். ஒன்று அண்ணன், ஒன்று தம்பி. ஹெச்எஸ்ஆர்பி போட்டிருந்தது. இரண்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு ஃபைபர் வெளியே போகும் ஃபயர்வாலுக்கு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு செக்லிஸ்ட் நிரப்ப வேண்டும். யூபிஎஸ் பேட்டரி, ஏசி, லாக், பேக்கப், கடைசி வரியில் ஃபெயில்ஓவர் சோதனை. எப்படிச் செய்ய வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும்: முதல் கோர் சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்து, லேபிலிருந்து வெளி முகவரி ஒன்றுக்குப் பிங் போகிறதா பார், திரும்பப் போடு. நிரப்புகிறவர் கையெழுத்து, அதற்குக் கீழே அட்மின் கையெழுத்து.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணா அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஹாஸ்டல் பக்கம் ஏதோ கேபிள் பிரச்சினை என்று போனார். "பார்த்து முடிச்சிடு தம்பி, ஏதாச்சும்னா போன் பண்ணு" என்றார். ஒவ்வொன்றாக முடித்தேன். கடைசி வரிக்கு வந்தபோது மணி நாலு ஐம்பது. ஐந்து பத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பஸ். அதை விட்டால் ஏழரைக்குத்தான் அடுத்தது. ஹாஸ்டலில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, பாதிப் பேர் செல்போனில் கல்லூரி வைஃபையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பஸ், மேட்ச் எல்லாம் சாக்கு. உண்மைக் காரணம் பயம். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை என் கையால் நிறுத்த வேண்டும். நிறுத்தி, திரும்ப வராமல் போனால்?

அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். இரண்டாவது சுவிட்சில் லாகின் செய்து "ஷோ ஸ்டாண்ட்பை" கட்டளை அடித்தேன். "ஸ்டாண்ட்பை" என்று அழகாகக் காட்டியது. தம்பி தயாராக இருக்கிறான், அண்ணன் குரல் கேட்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த வரிக்கு நேரே "சரி" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். திங்கட்கிழமை அண்ணா கீழே கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிட்டார்.

ஏழு வாரம் கழித்து ஃபைனல் இயர் மாணவர்களுக்கு ஒரு கம்பெனியின் பிளேஸ்மெண்ட் ஆன்லைன் தேர்வு. லேபில் 62 பேர். சர்வர் வெளியே கம்பெனி பக்கம், டைமரும் அங்கேயே ஓடும். உதவிக்கு நானும் நின்றிருந்தேன். தேர்வு ஆரம்பித்து இருபது நிமிஷம் இருக்கும், எல்லாத் திரையிலும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அண்ணா லேப்டாப்பைத் திறந்து கேட்வேக்குப் பிங் அடித்தார். பதில் வந்தது. "நம்ம பக்கம் நல்லாத்தான் இருக்கு, ஐஎஸ்பி-தான்" என்று போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் டிக்கெட் எண் கேட்டார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், லைன் நன்றாக இருக்கிறதே என்றார்கள். நிமிஷங்கள் போய்க்கொண்டிருந்தன. அறுபத்திரண்டு சீனியர்களும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து அண்ணா நெட்வொர்க் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முதல் கோர் சுவிட்சில் ஒரு விளக்கும் எரியவில்லை. பவர் சப்ளை போயிருந்தது. பத்தே நொடியில் தம்பி கல்லாவில் உட்கார்ந்துவிட்டான், அதனால்தான் கேட்வே பிங் ஆனது. ஆனால் தம்பியிடமிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் போர்ட்டில் எஸ்எஃப்பி மாட்யூலே இல்லை, காலியாக இருந்தது! பல மாதத்துக்கு முன்னால் லைப்ரரி பிளாக்கில் ஒரு மாட்யூல் பழுதானபோது, "அப்புறம் திரும்பப் போட்டுக்கலாம்" என்று இங்கிருந்து கழற்றிக் கொண்டு போனது. அப்புறம் வரவேயில்லை. லேபிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு பாக்கெட்டும் தம்பியிடம் போய் அங்கேயே மாண்டுகொண்டிருந்தது.

அண்ணா செத்த சுவிட்சிலிருந்து மாட்யூலை உருவி இதில் செருகி, ஃபைபரை மாற்றிப் போட்டார். இரண்டு நிமிஷ வேலை. மொத்தம் 41 நிமிஷம் போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் மின்சாரத்தை நிறுத்தியிருந்தால், மேட்ச் ஒரு ஐந்து நிமிஷம் தடைப்பட்டிருக்கும். பத்து திட்டு வாங்கியிருப்பேன். காலி போர்ட் அன்றே தெரிந்திருக்கும்.

கம்பெனி இரண்டு நாள் கழித்து மறுதேர்வு வைத்தது, வேறு கேள்வித்தாள். முதல் நாள் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று சொன்ன ஒரு சீனியர் மறுதேர்வில் தேறவில்லை. "விடுடா, அதுலயும் ஃபெயில் ஆயிருப்பேனோ என்னவோ" என்று சிரித்தார். ஆகியிருப்பாரா, தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் இல்லாமல் செய்துவிட்டேன். அண்ணாவுக்கு நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்தது. கல்லூரியில் எல்லாருக்கும் "ஐஎஸ்பி பிரச்சினை" என்றுதான் போய்ச் சேர்ந்தது. இதைப் படிக்கிற என் வகுப்புத் தோழர்களே, நீங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஐஎஸ்பி இல்லை.

மூன்று நாள் தூக்கம் இல்லை. நாலாவது நாள் அண்ணாவிடம் போய், "அண்ணா, அந்தச் செக்லிஸ்ட்ல நான் டெஸ்ட் பண்ணாமலே எழுதிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் ஃபைலை எடுத்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

"நீ எழுதினதை நான் பார்க்கல தம்பி. நீ பார்த்திருப்பேன்னு கையெழுத்து போட்டேன். நீ ஏன் பண்ணல?"

"ஏதாச்சும்னா நீங்க பார்த்துப்பீங்கன்னு நினைச்சேன் அண்ணா."

"அவ்ளோதான். ரெண்டு பேர் இருந்தோம். ஒருத்தனும் இல்ல." அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இந்த மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். சமாதானத்துக்காகத்தான். 2016 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸில், டல்லஸ் டேட்டா சென்டரில் ஒரு ரூட்டர் பழுதானது. மாற்று ஏற்பாடு இருந்தது. ஆனால் ரூட்டர் முழுசாகச் சாகவில்லை, பாதி செத்தது. அதனால் மாற்று ஏற்பாடு எழுந்திருக்கவே இல்லை. அடுத்த சில நாட்களில் ரத்தான விமானங்கள் 2,000-க்கும் மேல். அண்ணன் கல்லாவிலேயே மயங்கி உட்கார்ந்திருக்கிறான், ஆனால் பழக்கதோஷத்தில் "இருக்கேன், இருக்கேன்" என்று முனகிக்கொண்டிருக்கிறான், தம்பி எப்படி எழுந்து வருவான்? முழுச் சாவை விடப் பாதிச் சாவுதான் ஆபத்து.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே கடலடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. ஒன்று சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4, இன்னொன்று ஃபிளாக். இந்தியாவில் இணையம் தடுமாறிப்போனது. இரண்டு கேபிள், இரண்டு நிறுவனம். ஆனால் இரண்டும் ஒரே குறுகிய வழியாகத்தான் வந்தன. என் கணக்கின் முதல் நிபந்தனை அங்கே உடைந்தது.

இதைப் படித்த கையோடு எங்கள் அறையை நானும் அண்ணாவும் ஒரு நாள் முழுக்கத் தோண்டினோம். ஃபயர்வாலுக்கு இரண்டு பவர் சப்ளை, பெருமையாக. இரண்டு வயரும் ரேக்கின் பின்னால் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போய் முடிந்தன! அந்த ஒரே ஒரு ஸ்விட்சை யாராவது காலால் தட்டினால் போதும். கல்லூரிக்கு இரண்டு ஐஎஸ்பி, இரண்டு ஃபைபரும் மெயின் கேட் பக்கத்தில் ஒரே பள்ளத்தில். ஜேசிபி ஒரு தடவை வந்தால் போதும். வயரை அன்றே பிரித்து வேறு யூபிஎஸ்ஸுக்குக் கொண்டுபோனோம். பள்ளத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பார்ப்போம்.

பெரிய கம்பெனிகள் இதை வேறு மாதிரி அணுகுகின்றன. நெட்ஃபிளிக்ஸ் "கேயாஸ் மங்கி" என்று ஒரு நிரல் எழுதி 2012-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. வேலை நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கிற சர்வர்களில் ஏதாவது ஒன்றை அதுவாகவே கொன்றுவிடும். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், பழுது எப்படியும் வரப்போகிறது. நாம் விழித்துக்கொண்டு, எல்லாரும் அறையில் இருக்கும்போது வரட்டுமே. ராத்திரி பதினொரு மணிக்கு உளுந்தூர்பேட்டையில் ஏன் வர வேண்டும்?

புது பவர் சப்ளை வந்த வாரத்தின் சனிக்கிழமை. இந்த முறை முந்தின நாளே எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். அண்ணா லேபில் லேப்டாப்போடு உட்கார்ந்து வெளி முகவரிக்குத் தொடர்ந்து பிங் போட்டுக்கொண்டிருந்தார், போன் ஸ்பீக்கரில். நான் ரேக் முன்னால். "ம், புடுங்கு" என்றார். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. வயரை உருவினேன். விசிறிச் சத்தம் அடங்கியது.

"போச்சு... இன்னொன்னு போச்சு... மூணாவதும் போச்சு..." அந்தப் பத்துப் பன்னிரண்டு நொடி எனக்கு ஒரு பீரியட் மாதிரி இருந்தது. "வந்துடுச்சு தம்பி!"

அதோடு முடியவில்லை. வயரைத் திரும்ப மாட்டி முதல் சுவிட்ச் எழுந்ததும் மறுபடி நெட் போய்விட்டது. அண்ணன் எழுந்த வேகத்தில் "நகரு, கல்லா என்னுது" என்று தம்பியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டான், ஆனால் அவனுடைய குடோன் கதவு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அரை நிமிஷம் கழித்துச் சரியானது. எழுந்த பிறகு கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் கல்லாவைக் கேட்க வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டோம். வெளிப்பாதை செத்தால் தானாகவே பதவியை விட்டுக்கொடுக்கும் ட்ராக்கிங்கையும் போட்டோம். தம்பியின் வெளிப் போர்ட் கீழே போனால் அண்ணா போனுக்கு மெசேஜ் வரும்படியும் செய்தோம். இதில் எதுவும் எந்த ஷோ கட்டளையிலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

செக்லிஸ்ட்டில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். "சரி" என்று எழுதும் கட்டம் இப்போது கிடையாது. எத்தனை மணிக்கு வயரை உருவினோம், எத்தனை நொடி போனது, எத்தனை மணிக்குத் திரும்ப வந்தது என்று எழுத வேண்டும். செய்யாமல் எழுத முடியாது என்றில்லை. ஆனால் "சரி" என்று எழுதுவதை விட, நடக்காத ஒன்றுக்கு நொடிக்கணக்கு எழுதக் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

பாஸ்டன் கதையைப் பின்னால் தேவைப்படும் என்று சொன்னேன் அல்லவா? நான்கு நாள் மருத்துவமனை நெட்வொர்க் விழுந்ததை ஒரு தலைவர் வெளியே சொல்ல முடியுமென்றால், 41 நிமிஷத்தை நான் சொல்ல முடியாதா என்ன. அதனால்தான் இந்தப் பதிவு. அண்ணாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாம எழுது, ஜூனியர் பசங்க படிக்கட்டும்" என்றார். அந்தச் சீனியர் இதைப் படித்தால்... மன்னிச்சிடுங்க. நேரில் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை, வரும்.

மாமா இப்போதெல்லாம் ஐந்து டயருக்கும் காற்று பார்க்கிறார். பெட்ரோல் பங்கில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் பையன்கள் விநோதமாகப் பார்க்கிறார்களாம். பார்த்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் வீட்டில், லேபில், ப்ராஜெக்டில் "அதான் பேக்கப் இருக்கே" என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று நிச்சயம் இருக்கும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டை பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறீர்களா? அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? இப்போதே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன் :-)